மனைப்பிரிவுக்குள் முப்பது அடி சாலை, அதற்கு வெளியே?

கேள்வி: தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் அருகே, தேசிய நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, புதிதாகப் போடும் மனைப்பிரிவில் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம். வரைபடத்தில் முப்பது அடி சாலை, தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம் எல்லாம் இருக்கின்றன. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டதாகத் தரகர் சொல்கிறார். இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். பாதைக்கும் தண்ணீருக்கும் பின்னால் சிக்கல் வருமா?

பதில்: முதலில் முன்பணத்தை நிறுத்தி வையுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். டிடிசிபிக்கு விண்ணப்பம் யார் வேண்டுமானாலும் போடலாம்; அது அனுமதி ஆகாது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒரு தாளை நீட்டினால் அதையும் நம்பாதீர்கள். அந்த இரண்டு வார்த்தைகளை வைத்தே நம் மாவட்டத்தில் பல ஏக்கர் மானாவாரி நிலத்தை விற்றுத் தீர்த்திருக்கிறார்கள்.

பாதைக்கு வருவோம். உங்கள் கையில் இருக்கும் வரைபடம் மனைப்பிரிவின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நெடுஞ்சாலை வரை உள்ள ஒரு கிலோமீட்டர் யாருடையது? வழியில் வரும் சர்வே எண்கள் ஒவ்வொன்றுக்கும் புல வரைபடத்தை (நில அளவைப் பதிவில் உள்ள எல்லைப் படம்) எடுத்துப் பாருங்கள். வருவாய்த் துறை இணையதளத்திலேயே கிடைக்கும். பாதை புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் நல்லது, அகலத்தை மட்டும் நில அளவரை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

புல வரைபடத்தில் பாதை இல்லை, ஆனால் தரையில் வண்டித்தடம் இருக்கிறது என்றால்தான் வம்பு. "முப்பது வருடமாக எல்லோரும் போகிற வழி, யார் மறிக்க முடியும்?" என்பார் தரகர். பாதி உண்மை. பிறர் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையாக நடந்து வந்தவருக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் வழியுரிமை தருகிறது. ஆனால் ஒரு வகைப் பயன்பாட்டுக்கு வந்த வழியுரிமை வேறு வகைக்குச் செல்லாது. ஏர் மாடும் எருவண்டியும் போன உரிமையை வைத்துக்கொண்டு நூறு வீட்டுக்கு ஜல்லி லாரி ஓட்ட முடியாது. பட்டாதாரர் ஒருநாள் கல் நட்டு மறித்தால், நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு அலைவீர்கள். தரகர் அடுத்த மனைப்பிரிவில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட பாதைக்கு, பட்டாதாரரிடமிருந்து பதிவு செய்த பத்திரம் இருந்தால் மட்டும் பேசுங்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய சம்மதக் கடிதம் செல்லாது.

தண்ணீர். மனை பார்க்கப் போனபோது குழாயில் தண்ணீர் கொட்டியதா? அது எந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது, மோட்டாருக்கு எந்த மின் இணைப்பு என்று கேளுங்கள். விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பில் தொட்டியை நிரப்பிக் காட்டுவது பழைய வித்தை. மனை விற்று முடிந்ததும் மோட்டார் நின்றுவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு தொல்லையும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டதே அதற்காகத்தான். 'ஒகேனக்கல் தண்ணீர் வரும்' என்று சொன்னால், இந்த மனைப்பிரிவுக்கு இணைப்புத் தர ஊராட்சி எழுத்தில் ஒப்புக்கொண்டதா என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள்; ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் போகாது.

மின்கம்பத்தில் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கம்பம் மட்டும் நட்டுவிட்டுப் போவது சகஜம். மின்மாற்றிக்கான பணத்தை மின்வாரியத்தில் கட்டிய ரசீதைக் கேளுங்கள்.

கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி தோண்டினால் சில அடியிலேயே பாறை தட்டும் ஊர் நம் ஊர். பக்கத்தில் வீடு கட்டியவரிடம் எத்தனை அடியில் பாறை வந்தது என்று விசாரியுங்கள்.

இவை எல்லாம் ஒரே அலுவலகத்தில் தெரிந்துகொள்ளக் கூடியவை அல்ல. பாதைக்கு வருவாய்த் துறை, தண்ணீருக்கு ஊராட்சி, மின்சாரத்துக்கு வாரியம் என்று ஒவ்வொருவரும் அடுத்த மேசையைக் காட்டுவார்கள். வாங்குபவரே கோப்பைச் சுமந்து அலைய வேண்டும் என்பது என்ன ஏற்பாடோ! ஆனாலும் அலையுங்கள். தரகர் அவசரப்படுத்தினால் வேறு ஆள் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.