கோதையாறு மின் நிலையங்களால் குழித்துறை ஆற்றங்கரைக்கு என்ன பாதிப்பு?

"கரண்ட் எடுக்கத் திடீரென்று தண்ணீர் விடுவதால்தான் ஆற்றில் வெள்ளம் வருகிறது" என்ற ஊர்ப்பேச்சு சரியா என்பது கேள்வி. பெரும்பாலும் சரியில்லை.

கன்னியாகுமரி மாவட்டக் கோதையாற்றில் முதல் மின் நிலையம் 60 மெகாவாட், இரண்டாவது 40. மேல் அணைத் தண்ணீர் இரண்டிலும் டர்பைனைச் சுற்றிவிட்டு பேச்சிப்பாறை அணைக்கு வந்துவிடுகிறது. மின் தேவை ஏறும்போது ஓட்டி, குறைந்ததும் நிறுத்தினால் ஆற்றில் நீர்மட்டம் ஏறி இறங்கத்தான் செய்யும். இங்கே அந்த ஆட்டத்தைப் பேச்சிப்பாறை வாங்கிக்கொள்கிறது. 1906-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அணை, 60 வருஷத்துக்கு மேல் கழித்து இந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

ஆகவே கவனிக்க வேண்டியது பேச்சிப்பாறை மறுகாலை, அதாவது அணையின் உபரி நீர் வெளியேறும் வழியை. அணை 48 அடி. 42 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 45-ல் இரண்டாவது. 1000 கனஅடி திறந்தால் நொடிக்குச் சுமார் 28,000 லிட்டர். திற்பரப்பு அருவிக்கு வருவது கோதையாற்றுத் தண்ணீர், பரளியாறு அதில் இல்லை. திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில்தான் பரளியாறு சேர்கிறது, அதன் தலையில் 77 அடிப் பெருஞ்சாணி அணை. இரண்டும் சேர்ந்துதான் குழித்துறைக்கு வருகின்றன. எனவே திற்பரப்பில் தண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று குழித்துறைச் சப்பாத்தில் (ஆற்றைக் கடக்கும் தாழ்வான பாலத்தில்) இறங்குவது ஆபத்து. பெருஞ்சாணி நிலவரத்தையும் பார்த்துவிட்டே ஆற்றோர மோட்டாரை விட்டுவைப்பதா, கழற்றுவதா என்று முடிவெடுங்கள்.

உண்மையான பாதிப்பு கோடையில்தான். அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல் சாகுபடிக்காக வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரை அணைத் தண்ணீர் கால்வாய்களில் போகிறது. அதன் பிறகு கோடையில் ஆற்றுக்கு மிஞ்சுவது கசிவும் மழையும். மேலிருந்து வர வேண்டிய மணல் அணைகளில் தங்கிவிடுகிறது, கீழே இருந்த மணலையும் அள்ளியாயிற்று. படுகை தாழ்ந்தது, தேங்காப்பட்டணம் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறியது. அதைத் தடுக்கத்தான் பரக்காணியில் தடுப்பணை.

முகத்துவாரத்தை ஒட்டிய கிணறுகளில் உப்புநீர் அடியில் கிடக்கும், நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதக்கும். கணக்குப்படி, நல்ல தண்ணீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால் அடியில் சுமார் 40 அடி நல்ல தண்ணீர் நிற்கும். அந்த 1 அடியையும் இறைத்துவிட்டால் உப்பு கிடுகிடுவென மேலே வரும். தண்ணீர் கரிக்கத் தொடங்கியதும் கிணற்றை ஆழப்படுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. தோண்டுவது உப்பை நோக்கித்தான். ஃபுட் வால்வை (உறிஞ்சு குழாயின் அடிமுனையை) தண்ணீர்மட்டத்துக்குப் பக்கத்தில் உயர்த்திக் கட்டுங்கள். மோட்டாரை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் ஓட்டாமல், அரை மணி ஓட்டி, ஊற விட்டு, மறுபடி ஓட்டுங்கள்.