சிப்பாய் சொல்லாத சொல்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். உள்ளூர்த் தொலைக்காட்சியில் தாங்கள் நேயர் விருப்பப் பாடல் நிகழ்ச்சி நடத்திய காலத்திலிருந்தே தங்கள் குரல் எங்கள் வீட்டுக்குப் பழக்கம். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது போர்க்கால வரலாற்றைக் கதையாகச் சொல்லி வருகிறீர்கள். சென்ற மாதம் சொன்ன வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சிக் கதையில், சுவரோரம் நிறுத்தப்பட்ட சிப்பாய் ஒருவர் "அம்மா" என்று கூவியதாகக் கூறினீர்கள். கூட்டமே கண் கலங்கியது. பர்மா போர்முனையில் இருந்த என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அந்தச் சொல் எந்த ஆவணத்தில் இருக்கிறது?

வாசகர், குடியாத்தம்

அன்புள்ள ஐயா,

எந்த ஆவணத்திலும் இல்லை. அது நான் சேர்த்த சொல், சேர்த்தது தவறு.

நேரலையில் நேயர் பேசாமல் இருந்துவிட்டால் அந்த இடத்தை உடனே ஒரு சொல்லால் நிரப்ப வேண்டும் என்பதே நான் பல ஆண்டுகள் கற்ற தொழில். 1806 ஜூலை 10 விடியுமுன் வெடித்த புரட்சியை ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த பிரிட்டிஷ் தளபதி கில்லெஸ்பி அடக்கியபின், ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டதை, உடனிருந்த பிளாக்கிஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிவைத்தார். சுட்டவர்கள் பக்கத்து எழுத்து அது. புரட்சிக்குக் காரணமான தோல் வைத்த புதிய தலைப்பாகை, அழிக்கச் சொன்ன நெற்றிக்குறி, கழற்றச் சொன்ன கடுக்கன் ஆகியவை பற்றிச் சிப்பாய்களின் வாய்மொழியாக நமக்குக் கிடைப்பவையும், விசாரணை அதிகாரிகள்முன் உயிரச்சத்தோடு சொல்லப்பட்டு ஆங்கிலத்தில் பதிவானவைதாம். சுவரோரம் நின்றவர்கள் கடைசியாக என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லாத அந்த இடத்தைத்தான் என் பழைய தொழில் நிரப்பிவிட்டது.

இதே தவற்றை வேலூர் அருகேயுள்ள கம்மவான்பேட்டையிலும் செய்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய அந்த ஊரில், ஒரு மூதாட்டி தம் மாமனாரின் பச்சை டிரங்குப் பெட்டியை முன்னால் இழுத்து வைத்து, அதில் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்த எண்ணைத் துடைத்துக் காட்டினார். "சண்டையைப் பற்றி வாயே திறக்கமாட்டார்; ஆனால் சாகும்வரை சோற்றை அள்ளி அள்ளி, யாரோ பிடுங்கவருவதுபோலத்தான் சாப்பிட்டார்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் பொறுத்திருக்க வேண்டும். "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது பாட்டி?" என்று கேட்டேன். அவர் பெட்டியை மூடிவிட்டார்.

தொழிலை ஏன் மாற்றினேன் என்று தாங்கள் கேட்கவில்லை; ஆயினும் தங்கள் கேள்விக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்தக் 'கிராமத்திலிருந்து' 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர்நீத்தார்கள் என்று அது சொல்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. நாள்தோறும் "இந்தப் பாடல் இன்னாருக்காக" என்று பெயர் பெயராக வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, காய்கறி வாங்கப்போன இடத்தில் அதைப் படித்தபின் மனம் ஆறவில்லை.

"அம்மா" என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். இனி அந்த இடத்தில் எண்ணிக்கையையும் அதை எழுதியவர் யார் என்பதையும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பேன்.

தங்கள் தாத்தாவின் பெயரைத் தாங்கள் எழுதவில்லை. வீட்டில் பெரியவர்களுக்குச் சம்மதமானால், அவர் பெயரையும் படைப்பிரிவையும் எழுதி அனுப்புங்கள்.