நிமிர்ந்த காலும் மெலிந்த தொடையும்

வணக்கம் ஐயா,

எனக்கு 23 வயது. ஊர் திருகோணமலை உப்புவெளி. சின்ன வயதிலிருந்தே இடது முழங்கால் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அந்தக் காலோடுதான் ஏகாம்பரம் மைதானத்தில் பந்தடித்தேன். போன வருடம் வலி கூடியதால் எலும்பை வெட்டி நிமிர்த்தி பிளேட் வைத்தார்கள். ஏழு மாதமாகிறது. எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது என்று கிளினிக்கில் சொன்னார்கள். கால் இப்போது நேர். ஆனால் தொடை மெலிந்துவிட்டது. படியிறங்கும்போது முழங்கால் மடங்கிவிடுமோ என்று பயம். அம்மா ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போய் வார்த்தால் சரிவரும் என்கிறார். கூட்டாளிமார் புரோட்டீன் மா வாங்கச் சொல்கிறார்கள். பிளேட்டைக் கழற்றாமல் விளையாடலாமா? எப்போது பழையபடி ஓடலாம்? இடைக்கிடை சிகரட்டும் உண்டு, மறைக்கவில்லை.

உப்புவெளி வாசகன்

*

அன்புள்ள தம்பி,

வாளியைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்சக் காலமாகவே என் மனதில் கிடந்து அரிக்கிற விஷயம் அது. நம்மூரில் ஒருவருக்கு ஒப்பரேஷன் நடந்துவிட்டால் அவர் ஆயுளுக்கும் நோயாளி. கலியாண வீட்டில் நாலு பேர் ஓடிவந்து கதிரை போடுகிறார்கள். கோயில் வீதியில் கையைப் பிடிக்கிறார்கள். எலும்பு பொருந்திப் பத்து வருடமான பிறகும் "கவனம், கவனம்" என்கிறார்கள். நோயாளியும் அதை நம்பிவிடுகிறார்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். புரோட்டீன் மாவை விடுங்கள். காலையில் கரைக்கு வரும் சூடை, கீரி மீன்களும், முட்டையும், அவித்த பயறும் வயிறு நிறையச் சாப்பிட்டால் போதும். கன்னியாவுக்குப் போங்கள், ஏழு கிணற்றிலும் அள்ளி வாருங்கள், உடம்புக்கு இதமாக இருக்கும். தசை அதனால் வளராது. பிளேட்டோடு விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றுவதா வேண்டாமா என்பதை எக்ஸ்றே பார்த்து உங்கள் டொக்டர் சொல்லட்டும். கழற்றினால் ஆணி இருந்த துளைகள் நிரம்பும்வரை பாய்ச்சலும் மோதலும் கூடாது. சிகரட்டை மறைக்காமல் சொன்னதற்காகப் பாராட்ட மாட்டேன். எலும்பு பொருந்துவதைப் புகை பின்தள்ளுகிறது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கேட்டும் பிடித்தீர்கள். இன்றோடு நிறுத்துங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏழு மாதமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழு மாதத்தில் அந்தக் காலுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. காத்திருந்தீர்கள், அவ்வளவுதான். காத்திருந்தால் எலும்பு பொருந்தும். தசைக்கு அந்தக் கணக்குச் செல்லாது தம்பி. டொக்டர் செய்தது ஒன்று: உடம்பின் பாரம் முழங்காலின் உள்பக்கத்தில் மட்டும் இறங்காதபடி எலும்பின் கோட்டை மாற்றிவைத்தார். அந்தப் புதுக் கோட்டில் நிற்கிற பலத்தை எந்தக் கத்தியாலும் வைக்க முடியாது.

தொடை ஏன் மெலிந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். முழங்காலுக்குள் வீக்கம் இருந்தால், தொடையின் முன்தசைக்குப் போகிற கட்டளையை நரம்பே குறைத்துவிடுகிறது. நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் தசை முழுதாக இறுகாது. அதற்கு மேல் ஊன்றுகோலும் படுக்கையும். பிறகு வீக்கம் வற்றினாலும், உடம்பு வேறு வழி பழகிவிடுகிறது: கதிரையால் எழும்பும்போது பாரம் முழுவதும் வலது காலுக்கே போகிறது. அதனால்தான் நடந்தால் போதும் என்று யாராவது சொன்னால் அந்தப் புத்திமதி உங்களுக்கு உதவாது. நீங்கள் நடக்கிறீர்கள், வலது கால் பலக்கிறது.

1940களில், உலக யுத்த காலத்தில், சிக்காகோவில் ஒரு இராணுவ ஆஸ்பத்திரியில் தோமஸ் டிலோம் என்ற இளம் டொக்டருக்கு இதே பிரச்சினை வந்தது. முழங்கால் அடிபட்ட சிப்பாய்கள் மாதக்கணக்காகக் கட்டிலை விட்டுப் போகாமல் கிடந்தார்கள். பாரம் குறைவாக, தடவை அதிகமாக என்பதுதான் அந்தக்கால வழக்கம். அவர் அதைத் திருப்பிப் போட்டார். காலில் இரும்புச் சப்பாத்தைக் கட்டி, பத்துத் தடவைக்கு மேல் தூக்க முடியாத பாரத்தை வைத்து, வாராவாரம் அதைக் கூட்டினார். தொடைகள் திரும்பி வந்தன. 1945இல் அதை எழுதி வெளியிட்டார். உலகம் முழுக்க இன்று பிசியோதெரபிக்காரர் செய்விக்கிற பாரப் பயிற்சியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

என் அக்காவுக்கு இரும்புச் சப்பாத்துக் கிடைக்கவில்லை. சின்னப் பிள்ளையில் மாமரத்தால் விழுந்து, முறிந்த எலும்பு கோணலாகப் பொருந்தி, வளர்ந்த பிறகு கொழும்பில் நிமிர்த்தினார்கள். "கவனமா இருங்கோ" என்று சொல்லி அனுப்பினார்களே தவிர, வீட்டில் என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர்தான் சொன்னார். அப்பா தன் பழைய காக்கிக் காற்சட்டையின் ஒரு காலை வெட்டி, இரண்டு முனையும் தைத்து, டச்சுக் குடாவில் அள்ளிய மணலை நிரப்பினார். முதல் நாள் மணல் ஈரம். மேசை விளிம்பில் இருந்த அக்காவின் கணுக்காலில் சேலைக் கரையால் கட்டியபோது உப்புத் தண்ணீர் நிலத்தில் சொட்டியது. அடுத்த கிழமை கடைத் தராசில் வைத்தால் பை பாரம் குறைந்திருக்கிறது! அப்பாவுக்குக் கோபம். தகரத்தில் மணலைப் பரப்பி வெயிலில் காயவைத்து மறுபடி நிரப்பினார். அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒரு பிடி மணல் கூடியது.

அக்கா முழங்கால் நேராகும்வரை தூக்குவாள், கொஞ்சம் பிடிப்பாள், மெல்ல இறக்குவாள். கடைசித் தடவைகளில் தொடை நடுங்கும். கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். நான் நிலத்தில் இருந்து எண்ணுவேன். அம்மா குசினி வாசலில் நின்று, "பிள்ளையைக் கொல்லப் போறீங்களே?" என்று அழுவாள். அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார். அந்த அழுகைக்கு அப்பா அன்று இளகியிருந்தால், அக்கா மறுபடி வலைப்பந்துக்குப் போயிருக்கமாட்டாள். இன்றைக்கும் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவள் அவள்தான்.

உங்கள் அம்மாவின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏழு மாதம் இராப்பகலாகப் பார்த்தவர் அவர். ஆனால் வாளியைப் பறிக்கும்போது உங்கள் தொடைக்குக் கிடைக்க வேண்டிய வேலையையும் பறிக்கிறார். 23 வயது ஆண்பிள்ளை, அதற்கு இணங்கி ஒதுங்கி நிற்கிறீர்கள். எனக்குக் கோபம் அதில்தான். பயத்தை அம்மாவின் பேரில் எழுதிவிட்டு நீங்கள் அதற்குள் சௌகரியமாக இருக்கிறீர்கள்.

பழையபடி ஓடலாமா என்று கேட்டீர்கள். வலேரி புருமெல் என்ற சோவியத் உயரம்பாய்தல் வீரர் 1963இல் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை வைத்தார். 1964 டோக்கியோவில் தங்கம். அடுத்த வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கியது. பல ஒப்பரேஷன் தோற்றபின் சைபீரியாவின் குர்கானில் இலிசாரவ் என்ற டொக்டர், தான் கண்டுபிடித்த வளையக் கருவியைப் போட்டு அந்தக் காலைச் சரிசெய்தார். புருமெல் மறுபடி 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். 2.28ஐ அவர் மறுபடி தொடவில்லை. இரண்டையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் முழங்கால் முழுதாக நேராகிறதா பாருங்கள். குதிக்காலின் கீழ் சுருட்டிய துவாயை வைத்துப் படுத்தால் தெரியும். பிறகு அக்காவைப்போல் காலில் பாரம் கட்டித் தூக்குங்கள், ஒன்றுவிட்டு ஒரு நாள். மறுநாள் காலையில் முழங்கால் வீங்கினால் பாரம் கூடிவிட்டது என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள். தசை களைத்து நோவது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுவதைப் பெரிதாகச் சொல்வார்கள். உங்களுக்கு அங்கிருந்து மெல்ல இறங்கி வருவதுதான் பயிற்சி. இறங்கும்போது தொடை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. நீங்கள் பயப்படுகிற படியும் அதுதானே. கடல் அடங்கிய மாதங்களில் இடுப்பளவு தண்ணீரில் நடங்கள், உடம்பின் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு இறங்குகிறது. ஆகவே இடது காலால் மட்டும் கதிரையிலிருந்து எழும்பி, முழங்கால் உள்ளே சரியாமல் மெல்லத் திரும்ப உட்கார முடிகிறவரை ஓட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம். இடது காலால் தத்திப் பாய்கிற தூரம் வலது கால் பாய்வதில் பத்தில் ஒன்பது பங்காவது வரட்டும், அதற்குப் பிறகு பந்து. முதலில் மட்டமான தரையில் ஓடுங்கள், கடற்கரை மணலில் வேண்டாம்.

இதையெல்லாம் தொடங்குமுன் கடைசி எக்ஸ்றேயை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், பாரம் தூக்கிப் பயிற்சி செய்யப்போகிறேன் என்று டொக்டரிடமே கேளுங்கள், பிசியோவுக்கு ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், டொக்டர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும். முழங்கால் சில்லுக்கு மேல் ஒரு சாண் அளந்து, இரண்டு தொடையின் சுற்றளவையும் தையல் நாடாவால் எடுத்து எனக்கு எழுதுங்கள். மாதாமாதம் எழுதுங்கள்.