ரெடிஸ் கன்டெய்னர் மீண்டும் தொடங்கியதும் பழைய மதிப்புகள் திரும்புவது: பதில்

வணக்கம். ஜூரோங் கிடங்கு சர்வரில், டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியாக அடைத்து இயக்கும் பெட்டி) ஓடும் ரெடிஸ் தரவுத்தளத்தின் நினைவக வரம்பான மேக்ஸ்மெமரியை 2 ஜிபி ஆக்கியும் கன்டெய்னர் மறுபடி தொடங்கியதும் பழைய மதிப்பே வருகிறது, 'கான்ஃபிக் ரீரைட்' கொடுத்தால் கோப்பே இல்லை என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

'கான்ஃபிக் செட்' கட்டளை அமைப்பை நினைவகத்தில் மட்டும்தான் மாற்றும். வட்டில் எழுதுவது 'ரீரைட்'. ஆனால் ரெடிஸ் ஒரு கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்போடு கிளம்பியிருந்தால்தான் அது நடக்கும். டாக்கரின் அதிகாரபூர்வ ரெடிஸ் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) அந்தக் கோப்பில்லாமலே கிளம்புகிறது. தொடக்கக் கட்டளையில் ரெடிஸ்-சர்வருக்கு அடுத்து கோப்பின் பாதையைக் கொடுங்கள்.

கோப்பை மட்டும் தனியாக மவுண்ட் செய்துவிடாதீர்கள் (மவுண்ட் என்பது சர்வரில் உள்ளதைக் கன்டெய்னருக்குள் தெரியவைப்பது), பலர் மாட்டுவது இங்கேதான். ரெடிஸ் அதே ஃபோல்டரில் தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி, அதைப் பழைய கோப்பின் பெயருக்கு மாற்றுகிறது. தனிக் கோப்பு மவுண்ட்டின் மேல் அப்படிப் பெயர் மாற்ற லினக்ஸ் விடாது. 'ரிசோர்ஸ் பிசி' என்று பிழை வரும். ஃபோல்டரையே மவுண்ட் செய்யுங்கள். டெபியன் லினக்ஸில் அமைந்த இமேஜ் என்றால், ரெடிஸ் இயங்கும் பயனர் எண் 999க்கு அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமையும் வேண்டும்.

கன்டெய்னரை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் கம்போஸ் கோப்பின் கட்டளை வரியில் மேக்ஸ்மெமரி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கோப்பில் உள்ளதை அது மீறிவிடும்.

ரீரைட் முடிந்ததும் கோப்பைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் வைத்திருந்தால் அதுவும் அங்கே அப்படியே தெரியும், எனவே அந்தக் கோப்பைக் கிட் (Git) களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள்.