பழைய கேமிங் கணினி: பழுது பார்ப்பதா, புதிதாக அசெம்பிள் செய்வதா? – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல ஆண்டுகளாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயன்றவரை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அண்ணா, மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பியபின் என் கணினி உயிர் பெறவே இல்லை. கோர் ஐ5-4460 பிராசசர், ஜி.டி.எக்ஸ். 970 கிராபிக்ஸ் கார்டு, 2014இல் வாங்கியது. எல்லாம் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

பதில்: திறந்து பார்க்காமல் சொன்ன தீர்ப்பை ஏற்காதீர்கள், தம்பி. மின்சாரம் திரும்பும் நொடியில் அழுத்தம் எகிறினால் அதை முதலில் தாங்குவது பவர் சப்ளைதான். பல நேரங்களில் அது மட்டுமே பலியாகி மற்றவை தப்பிவிடுகின்றன. நண்பரிடம் நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதற்குரிய கேபிள்களையே பயன்படுத்த வேண்டும். பழையதன் கேபிள்களைப் புதியதில் செருகினால், இணைப்பு முனைகளின் வரிசை மாறுபட்டு, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. நன்றாக இருந்தாலும் கருகிப் போகலாம். பழைய பவர் சப்ளையைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கணினி ஓடினால் தரமான பவர் சப்ளை ஒன்றை வாங்கலாம். நாளை புதிய கணினிக்கும் அதுவே உதவும். மதர்போர்டு போயிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டி.டி.ஆர்.3 என்ற பழைய வகையான உங்கள் ராம் (நினைவகம்) புதிய போர்டு எதிலும் பொருந்தாது. அந்தத் தலைமுறை பிராசசரை விண்டோஸ் 11 ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது.

கேள்வி (மெரபேங்க்): மகனுடைய கணினியில் ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, ஜி.டி.எக்ஸ். 1060 கிராபிக்ஸ் கார்டு இருக்கின்றன. புதிய விளையாட்டுகள் திணறுகின்றன. முழுவதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், அம்மா. மேம்படுத்த இதைவிட வசதியான கணினி அரிது. உங்களுடையதுபோல் 2017இல் வந்த ஏ.எம்.4 (பிராசசரைப் பொருத்தும் சாக்கெட் வகை) போர்டிலேயே, 2022இல் வெளியான ரைசன் 5 5600ஐப் பொருத்த முடியும். பெரும்பாலான பி350 போர்டுகளுக்கு அதற்கான பயாஸ் (போர்டைத் தொடக்கி இயக்கும் அடிப்படை மென்பொருள்) கிடைக்கிறது. உங்கள் போர்டின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் சரிபார்த்து, பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் போர்டே செயலிழக்கக்கூடும் என்பதால், நம் ஊரில் யூ.பி.எஸ். இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

ஆனால் திணறுவது எது என்று முதலில் தெரிய வேண்டும். விளையாட்டின் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். ஓட்டம் நன்றாக வேகமெடுத்தால் குறை கிராபிக்ஸ் கார்டில். அப்படியே இருந்தால் பிராசசரில். ஜி.டி.எக்ஸ். 1060க்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களும் 2025 அக்டோபரோடு நின்று, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வருகின்றன. ஆகவே கார்டையும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி (அமன்சிம்டோட்டி): அரைமணி நேரம் விளையாடினால் தானாக அணைந்துவிடுகிறது, ஐயா. ஆயுள் முடிந்ததா?

பதில்: பெரும்பாலும் இல்லை, சூடுதான் காரணமாக இருக்கும். கடற்கரையோர வீடு ஒன்றிலிருந்து வந்த இப்படிப்பட்ட கணினியைச் சென்ற கோடையில் திறந்தேன். பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே தூசி உப்பீரத்தோடு சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தது; இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட், நெற்றியில் காய்ந்த சந்தனம்போல் விரல் பட்டதும் உதிர்ந்தது. துடைத்துப் புதிய பேஸ்ட் இட்டதும் அது ஒழுங்காக ஓடியது. கணினியைக் கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து நகர்த்தி, தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். போர்டில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தால் மட்டும் அதன்மேல் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி (லெனேசியா): புதிதாகவே அசெம்பிள் செய்ய முடிவெடுத்துவிட்டேன். எதை மிச்சப்படுத்தலாம்?

பதில்: கேஸ், எஸ்.எஸ்.டி., மானிட்டர் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஏ.எம்.4க்கு அடுத்து வந்த ஏ.எம்.5 போர்டு டி.டி.ஆர்.5 ராமை மட்டுமே ஏற்கும். 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் கணக்குப் போடும்போது அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க்): பழைய கிராபிக்ஸ் கார்டைத் தனிநபரிடம் வாங்கலாமா?

பதில்: கடையில் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம், பழுது பார்த்தபோது பொருத்திய பாகத்துக்கும் வேலைக்கும் மூன்று மாதப் பொறுப்பு உண்டு. எப்போதோ ஒரு பொருளை விற்கும் தனிநபருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. எனவே அவர் வீட்டிலேயே அரைமணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓட்டச் சொல்லி, திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.