வாசகர் கேள்வி: பழைய பீட்டிலுக்கு எந்த ஆயில்?

கேள்வி: என்னிடம் 1971 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1300 இருக்கிறது. மெக்கானிக் 20டபிள்யூ-50 என்ற தடித்த ஆயிலை ஊற்றச் சொல்கிறார். நண்பரோ புதுக் கார்களுக்கான 5டபிள்யூ-30 என்ற மெல்லிய சிந்தெடிக் ஆயில் போதும் என்கிறார். எது சரி? – வாசகர், கொழும்பு

பதில்: 5டபிள்யூ-30 வேண்டாம். பீட்டிலில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டும் அது தள்ளும் டாப்பெட்டும் நேரடியாக உரசுகின்றன. அங்கே தேய்மானத்தைத் தடுப்பது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக, புதிய 5டபிள்யூ-30 ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

உங்கள் ஊர் வெயிலுக்கு 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 மினரல் ஆயில் பொருந்தும். துத்தநாகம் 1000–1200 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் பாருங்கள். இன்ஜின் தேயாமல் இறுக்கமாக இருந்தால் 15டபிள்யூ-40தான் நல்லது. ஆயில் அளவுக்கு மீறித் தடித்திருந்தால் அழுத்தம் ஏறி, அதைக் குறைப்பதற்கான ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும். ஆயில் கூலருக்குப் போகாமலே சுற்றும். தடித்த ஆயில் சூட்டைக் குறைக்கும் என்று நம்புகிறவர்கள் கவனிக்க.

கொள்ளளவு 2.5 லிட்டர்தான். பேப்பர் ஃபில்டர் கிடையாது, கம்பிவலை மட்டுமே. ஆகவே 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். வலையைக் கழற்றிக் கழுவி, இரண்டு கேஸ்கெட்டையும் செப்பு வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். வலையின் மூடியைப் பிடிக்கும் ஆறு நட்டுகளுக்கும் 7 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதிகம் முறுக்கினால் மெக்னீசிய இன்ஜின் கேஸில், நட்டு ஏறும் ஸ்டட்டின் மரை போய்விடும்.

கேள்வி: சூடான பிறகு ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுங்குகிறதே?

பதில்: ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அணைந்தால் பயமில்லை. அணையாவிட்டால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.