வேர்டில் விளையாட்டில் நான்கு எழுத்துகள் பச்சையான பிறகும் தோற்றுப்போகிறேன். ஏதாவது உத்தி உண்டா?

அந்த நான்கு பச்சைதான் பொறி. (ஆடிப் பழகாதவர்களுக்கு: ஓர் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வரிகளில், அதாவது ஆறு முயற்சிகளில், கண்டுபிடிக்க வேண்டும். நாம் அடிக்கும் எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, விடையில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் சாம்பல்.) பச்சையைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. ஒரே ஓசையுள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டு வரிகளைத் தீர்த்துவிடுகிறோம்.

மூன்று வரிகள் முடிந்துவிட்டன, முதல் எழுத்து மட்டும் தெரியவில்லை, சொல் ‘கேட்ச்’ (catch) போல முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்ச், மேட்ச், லேட்ச், ஹேட்ச், வாட்ச், குழுவைக் குறிக்கும் பேட்ச், ஒட்டுப்போடும் பேட்ச் என ஏழு சொற்கள் வரிசையில் நிற்கின்றன. கையில் இருப்பதோ மூன்று முயற்சி. வரிசையாகப் போட்டால் ஏழில் மூன்றைத்தான் தொட முடியும்.

விடையாக இருக்கவே முடியாது என்று தெரிந்தே ‘கிளாம்ப்’ (clamp) என்று அடியுங்கள். எல் மஞ்சளானால் லேட்ச். எம் மஞ்சளானால் மேட்ச். கடைசி எழுத்து மஞ்சளானால் ஒட்டுப்போடும் பேட்ச். சி பச்சையானால் கேட்ச். (சி மஞ்சளாக வந்தால் ஏமாந்துவிடாதீர்கள், அது நான்காவது இடத்தில் ஏற்கெனவே இருக்கும் சி.) இவற்றில் எதுவும் நடக்காவிட்டால் மிச்சம் மூன்று சொற்கள், இரண்டு முயற்சிகள். ஒரு வரியை ‘வீணாக்கி’ ஏழில் ஆறைப் பிடித்துவிடலாம்.

‘ஹார்ட் மோட்’ இயக்கத்தில் இருந்தால் இது செல்லாது; கிடைத்த பச்சையை அதே இடத்தில் வைத்துத்தான் ஆட வேண்டும். வீம்புக்காக அதை இயக்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் முதலில் அணையுங்கள்.

முதல் சொல்லுக்கு வருவோம். நான்கு உயிரெழுத்துகள் இருப்பதால் ‘அடியூ’ (adieu) என்று தொடங்குபவர்கள் ஏராளம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விடையில் ஈ இருக்கிறது என்று தெரிந்த பிறகும் நூற்றுக்கணக்கான சொற்கள் மிஞ்சும். பட்டியலைச் சுருக்குவதில் மெய்யெழுத்துகளுக்குத்தான் வலு அதிகம். நான் ‘ஸ்லேட்’ போடுவேன். ஒன்றும் சிக்காவிட்டால் அடுத்தது ‘குரோனி’ (crony). இரண்டிலும் சேர்த்துப் பத்து வெவ்வேறு எழுத்துகள் சோதிக்கப்பட்டுவிடும், கடைசியில் அடிக்கடி வரும் ஒய் உட்பட. ‘ஸ்லேட்’டிலேயே இரண்டு மூன்று எழுத்துகள் அகப்பட்டால் ‘குரோனி’ தேவையில்லை.

இரட்டை எழுத்து பலரையும் குழப்புகிறது. ‘ஸ்பீட்’ அடிக்கிறீர்கள், அதில் இரண்டு ஈ. ஒன்று மஞ்சள், மற்றது சாம்பல் என்றால் விடையில் ஒரே ஒரு ஈ இருக்கிறது, அதுவும் இந்த இரண்டு இடங்களிலும் இல்லை. ஆனால் ஒரே ஒரு ஈ உள்ள சொல்லை அடித்து அது பச்சையானால், விடையில் இன்னொரு ஈ இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

நம் பள்ளிக்கூடத்து ஆங்கிலமும் சில நாட்களில் காலை வாரும். இதை உருவாக்கிய ஜோஷ் வார்டில் வேல்ஸைச் சேர்ந்தவர்தான்; ஆனாலும் விடைகள் அமெரிக்க எழுத்துக்கூட்டலில் வருகின்றன. 2022 தொடக்கத்தில் ‘ஹியூமர்’, ‘ஃபேவர்’ இரண்டும் நாம் படித்த ‘ஓயூஆர்’ முடிவில் யு இல்லாமல் விடையானபோது பிரிட்டிஷ்காரர்களே புலம்பினார்கள்.

எஸ் சேர்த்த வெறும் பன்மைச் சொல் விடையாக வருவது அரிது. சோதனைச் சொல்லாக அதை அடிக்கத் தடையில்லை. கடைசி வரியில் மட்டும் அதை நம்பிப் போடாதீர்கள்.